கோட்டம் எடுத்த வீலில் கம்பி ஏன் அறுகிறது? டென்ஷன் மீட்டர் வைத்துப் பார்த்த அனுபவம்

என் ஹைப்ரிட் சைக்கிளின் பின் வீலில் போக்ஸ் கம்பி அறுவது வழக்கமாகிப் போயிருந்தது. 700சி ரிம், 32 கம்பி, எட்டு கியர் கேசட் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி), ரிம்மை இரண்டு பக்கமும் கட்டையால் பிடிக்கும் வி-பிரேக். காலையில் மதுரை புதூரிலிருந்து அழகர்கோவில் ரோட்டில் போய்த் திரும்புவதுதான் அதற்கு முக்கியமான வேலை. கம்பி அறும்போதெல்லாம் இடம் ஒன்றுதான்: இடது பக்கம், வீலின் நடுவில் உள்ள ஹப்பின் ஓட்டைக்குள் கம்பி வளைந்து நுழைகிற அந்தக் கழுத்து. நடுவிலோ, கம்பியை ரிம்மில் பிடித்து இறுக்கும் சின்ன மரையான நிப்பிள் பக்கமோ ஒருமுறைகூட அறுந்ததில்லை.

கடையில் புதுக் கம்பி போட்டு, கோட்டம் எடுத்து, அதாவது ஆடும் ரிம்மை நேராக்கிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து சுற்றிப் பார்த்தால் இரண்டு பிரேக் கட்டைக்கும் நடுவில் ரிம் ஆடாமல் அசையாமல் ஓடும். குறை சொல்ல ஒன்றும் இருக்காது. கொஞ்ச நாள் போனால் லேசாக அங்கிட்டும் இங்கிட்டும் ஆட ஆரம்பிக்கும், அப்புறம் ஒரு நாள் ‘டிங்’ என்று சத்தம். கம்பி தரமில்லை என்றார் ஒருவர். ரோடு சரியில்லை என்றார் இன்னொருவர். என் எடையைப் பார்த்துவிட்டுச் சிரித்தவரும் உண்டு. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் இதே ரோட்டில், இதே எடையில், முன் வீல் ஒரு கம்பிகூட அறாமல் ஓடுகிறதே!

விஷயம் என்னவென்றால், வீல் நேராகச் சுற்றுவதால் மட்டும் கம்பிகள் எல்லாம் சமமாக இழுத்துப் பிடித்திருக்கின்றன என்று சொல்லிவிட முடியாது. ஓர் இடத்தில் வலது கம்பியும் பக்கத்து இடது கம்பியும் சேர்ந்து தொய்வாக இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி ரிம் நேராகவே நிற்கும். கண்ணுக்கு அது தெரியாது. கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியும் காட்டிக்கொடுக்காது. ரோட்டில் ஓடும்போதுதான் தெரியும்.

ஓடும்போது நடப்பது இதுதான். நம் எடை அச்சு வழியாக இறங்கும்போது தரையைத் தொடும் இடத்தில் ரிம் துளி தட்டையாகிறது. அந்த இடத்துக் கம்பிகளின் இழுப்பு அப்போது குறையும். அந்த இடம் மேலே போனதும் பழைய இழுப்பு வந்துவிடும். இழுத்துக் கட்டிய கம்பியில் 100 கிலோ இழுப்பு இருந்தால், அதில் கொஞ்சம் குறைந்து கூடுவதால் கேடில்லை. தொய்ந்த கம்பியில் இருப்பதே கொஞ்சம் என்பதால் அது ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ பூஜ்யம் வரை இறங்கி, மறுபடி சடாரென்று இழுபடும். அந்த நேரத்தில் ஹப் ஓட்டைக்குள் கழுத்து அசைகிறது. நிப்பிளும் தானாகக் கழன்றுகொடுக்கும், தொய்வு இன்னும் கூடும். 35 மி.மீ. டயர் போட்ட 700சி வீலின் சுற்றளவு சுமார் 2.17 மீட்டர். மதுரையிலிருந்து அழகர்கோவில் 21 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு வழிப் பயணத்துக்கே வீல் 9,700 தடவை சுற்றுகிறது. அத்தனை தடவையும் அந்தக் கழுத்து வளைந்து நிமிர்கிறது. எந்த இரும்பும் அதைத் தாங்காது. கம்பி தளர்ந்ததால் அறுகிறது, இறுகியதால் அல்ல என்பதைப் பல பேர் நம்ப மாட்டார்கள். நானும் நிறையப் பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அதனால்தான் கம்பியின் இழுப்பை அளக்கும் டென்ஷன் மீட்டர் வாங்கலாம் என்று தோன்றியது. இதில் எல்லோரும் அளவுகோலாக எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் பார்க் டூல் கம்பெனியின் டிஎம்-1. நான் வாங்கியது அதே வடிவத்தில் வரும் மலிவு விலைக் காப்பி, இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். டிஜிட்டலாக நம்பர் காட்டும் கருவிகளும் இருக்கின்றன. வீட்டில் ஒரு சைக்கிளுக்காக அந்தக் காசைப் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கருவியில் மந்திரம் எதுவும் இல்லை. மூன்று முளைகள். இரண்டு ஓரத்தில் அசையாமல் நிற்கும், நடுவில் உள்ளது ஸ்பிரிங்கின் பலத்தில் கம்பியை எதிர்ப்பக்கமாக அழுத்தும். கம்பி விறைப்பாக இருந்தால் குறைவாக வளையும், தொய்வாக இருந்தால் நிறைய வளையும். அந்த வளைவைத்தான் முள் காட்டுகிறது. அதாவது மீட்டரில் தெரியும் எண் கிலோ இல்லை, வெறும் கோடு. கம்பி என்ன உலோகம், எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று பார்த்து, கூட வரும் அட்டவணையில் அந்தக் கோட்டுக்கு எதிரே எத்தனை கிலோ என்று தேட வேண்டும். 2 மி.மீ. கம்பியில் 20 காட்டினால் ஒரு கணக்கு, 1.8 கம்பியில் அதே 20 வேறு கணக்கு. எனவே முதல் வேலை, வெர்னியர் காலிப்பரை எடுத்துக் கம்பியின் நடுப்பகுதியை அளப்பது. 14-ஆம் நம்பர் கம்பி 2 மி.மீ., 13-ஆம் நம்பர் 2.3, 12-ஆம் நம்பர் 2.6, நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். முனைகளில் தடித்து நடுவில் மெலிந்த கம்பிகளும் உண்டு. அவற்றில் நிப்பிள் பக்கத்தில் அளந்தால் தப்பான எண்தான் வரும். என்னுடையது முழு நீளத்துக்கும் 2 மி.மீ., தொல்லையில்லை.

காப்பி கருவி என்பதால் அதன் அட்டவணையை அப்படியே நம்ப மனம் வரவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறது, இப்போது ஊஞ்சல் இல்லை. அந்தக் கொக்கியில் சங்கிலி போட்டு ஒரு பழைய ஹப்பைத் தொங்கவிட்டேன். ஹப்பின் ஓட்டையில் அதே ரகக் கம்பி ஒன்றைக் கோத்து, கீழ் முனையில் ஓட்டை போட்ட பட்டை இரும்பை மாட்டி, தடித்த வாஷரும் நிப்பிளும் போட்டேன். பட்டையிலிருந்து இரண்டு சங்கிலியில் ஒரு பலகை, தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லை. எடை வைக்கப் பலகைக்கு அடியில் செங்கல் அடுக்கி, எல்லாம் வைத்த பிறகு செங்கலைப் பைய உருவினால் கம்பியில் முழு எடையும் ஏறும். 2 மி.மீ. கம்பி நல்லதாக இருந்தால் 200 கிலோவுக்கு மேலும் தாங்கும். இருந்தாலும் காலைப் பலகைக்கு அடியில் விடக் கூடாது.

எடைக்கு அரிசிச் சிப்பம்தான். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி வந்ததிலிருந்து நம் ஊர் சிப்பங்கள் பெரும்பாலும் 26 கிலோவாகிவிட்டன. இந்த வேலைக்கு அதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் இருந்த ஒன்று, மச்சினன் வீட்டிலிருந்து தூக்கிவந்தது ஒன்று. பலகை, சங்கிலி, பட்டை எல்லாம் சேர்த்துத் தராசில் 4 கிலோ. ஆக 56. அதன் மேல் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று வைத்தால் கேனின் எடையும் சேர்த்துச் சுமார் 77, இன்னொரு கேன் வைத்தால் 98-ஐ ஒட்டி வரும்.

“அரிசியைத் தூக்குல போட்டுட்டீங்க, அடுத்து என்ன, கேஸ் சிலிண்டரா?” என்றாள் மனைவி. சிலிண்டரும் நல்ல எடைதான், நினைக்காமல் இல்லை.

56 கிலோவில் மீட்டர் 18 காட்டியது. 77-இல் 21. 98-இல் 24. அட்டையில் போட்டிருந்ததோடு ஒப்பிட்டால் ஒரு கோடு அளவுக்குத்தான் வித்தியாசம். காப்பிக்கு இது பரவாயில்லை. அட்டையை டப்பாவிலேயே வைத்துவிட்டு, என் மூன்று எண்களையும் கிராஃப் தாளில் குறித்து, நடுவில் கோடு இழுத்து, அதையே பயன்படுத்துகிறேன். மேலே போகப் போகக் கோடு வளையும், கீழேயும் அப்படித்தான். ஆனால் ரிம்மில் நமக்கு வேண்டிய பகுதி இந்த மூன்று புள்ளிகளுக்குள் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது.

இந்த ஊஞ்சல் கொக்கி வேலை எல்லோருக்கும் தேவையா என்றால், தேவையில்லை. கம்பிகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் என்றால் தவறான கருவிகூடப் போதும். எல்லாக் கம்பியையும் ஒரே மாதிரி தவறாகக் காட்டினால் வேலை நடந்துவிடும். புது ரிம்மில் வீல் பின்னுபவர்களுக்குத்தான் கிலோக் கணக்கு முக்கியம், ரிம் தாங்குகிற அளவைத் தாண்டிவிடக் கூடாது.

அளக்கும் முறையில் சில கைப்பழக்கங்கள் இருக்கின்றன. கைப்பிடியை அமுக்கி, முளைகளுக்கு நடுவில் கம்பியை விட்டு, பிடியை மெதுவாகத் தளர்த்த வேண்டும். படக்கென்று விட்டால் முள் ஒரு கோடு தள்ளி நிற்கிறது. விட்ட பிறகு கருவியை லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டுப் பார்த்தால் முள் சரியான இடத்தில் உட்காரும். கீலில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்ட பிறகு இந்த ஆட்டம் குறைந்தது. கம்பிகள் குறுக்கே கடக்கும் இடத்துக்கும் நிப்பிளுக்கும் நடுவில், எல்லாக் கம்பியிலும் ஒரே உயரத்தில் வைக்க வேண்டும். கடக்கும் இடத்துக்கு ஒட்டி வைத்தால் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து வளைத்துவிடும். இன்னொன்று: டயரில் காற்றை ஏற்றினால் ரிம் உள்நோக்கி அழுந்தி எல்லாக் கம்பியின் இழுப்பும் கொஞ்சம் இறங்கும். முதல் தடவை காற்றோடும் அடுத்த தடவை காற்றில்லாமலும் அளந்தால் ஒப்பிட முடியாது. நான் டயர், டியூப் இரண்டையும் கழற்றிவிட்டே அளக்கிறேன்.

வால்வு ஓட்டைக்கு அடுத்த வலது கம்பியை வ1 என்றும், இடது கம்பியை இ1 என்றும் பெயர் வைத்து, ரிம்மில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொண்டேன். வலது என்றால் கியர் பக்கம். வலது பக்கப் பதினாறும் வந்த வரிசை:

24, 25, 23, 24, 26, 24, 20, 25, 24, 24, 27, 21, 24, 25, 23, 24.

சராசரி 24-ஐ ஒட்டி, அதாவது கிட்டத்தட்ட 98 கிலோ. பின் வீலின் கியர் பக்கத்துக்கு இது நல்ல எண். சராசரியிலிருந்து 20 சதவீதத்துக்குள் எல்லாக் கம்பியும் இருக்க வேண்டும் என்பது பார்க் டூல் சொல்லும் பொதுக் கணக்கு. சதவீதத்தைக் கிலோவில்தான் போட வேண்டும், கோட்டில் போடக் கூடாது. கோட்டில் 24-க்கும் 20-க்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, கிலோவில் அது 98-க்கும் 70-க்கும் உள்ள தூரம். 98-க்கு 20 சதவீதம் என்றால் ஏறத்தாழ 78 முதல் 118 வரை. மீட்டரில் 21-லிருந்து 26 வரை. அப்படிப் பார்த்தால் வ7 வெளியே, வ11 வெளியே, வ12 விளிம்பில்.

இடது பக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குத் தனிக் கணக்கு. பின் வீலில் வலது பக்கம் கேசட்டுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் ஹப்பின் வலது தட்டு நடுக்கோட்டுக்குக் கிட்டே இருக்கிறது, இடது தட்டு தள்ளி இருக்கிறது. கிட்டே உள்ள பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாக நிற்பதால் ரிம்மைப் பக்கவாட்டில் இழுக்க அவற்றுக்கு அதிகப் பலம் வேண்டும். என் ஹப்பில் நடுவிலிருந்து வலது தட்டு 20 மி.மீ., இடது தட்டு 34 மி.மீ. இருபதை முப்பத்துநாலால் வகுத்தால் 0.59. வலது 98 என்றால் இடது 58 கிலோ போதும், மீட்டரில் 18. இடது பக்கம் தொய்வாகத் தெரிகிறதே என்று அதையும் வலது அளவுக்கு இறுக்கினால் ரிம் இடது பக்கமே போய்விடும். இடது கம்பிகளுக்கு இயல்பிலேயே இழுப்பு குறைவு என்பதால்தான் அந்தப் பக்கம் அறுகிறது. முன் வீலில் வி-பிரேக் என்றால் இரண்டு பக்கமும் சமம், அதனால் அது பாட்டுக்கு ஓடுகிறது.

இடது பதினாறில் பெரும்பாலும் 17, 18, 19. ஆனால் இ7-இல் 13, இ8-இல் 12. அதாவது 70 கிலோவாக இறங்கிக் கிடந்த வ7-க்கு நேர் அண்டை வீடுகள். வலதும் இடதும் சேர்ந்து தொய்ந்து, ரிம்மை நேராகக் காட்டிக்கொண்டிருந்தன. அறுந்து அறுந்து மாற்றிய கம்பிகளில் கடைசியாகப் போட்ட இரண்டும் அந்த இடத்தில்தான் இருந்தன. பழைய கம்பிகள் மங்கலாக, இந்த இரண்டும் மட்டும் பளபளவென்று. புதுக் கம்பியை ரிம் நேராகும் வரை இறுக்கிவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். நேராகத்தான் இருந்தது. வ7 ஏற்கெனவே தளர்ந்திருந்ததால், புதுக் கம்பியைக் கொஞ்சம் இறுக்கியதுமே ரிம் நடுவுக்கு வந்துவிட்டது.

திருகுவதற்கு முன்னால் சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. சைக்கிள் கடைகளில் கிடைக்கும் வட்டச் சாவியில் சுற்றிலும் ஏழெட்டு வெட்டு இருக்கும், எதுவும் கச்சிதமாக உட்காராது. நிப்பிளின் நான்கு மூலையையும் அது மழுங்கடித்துவிடும். நிப்பிள் 3.23, 3.30, 3.45 மி.மீ. என்று சில அளவுகளில் வருகிறது. அளந்து, அந்த அளவுக்கான ஒற்றைச் சாவி வாங்குவது நல்லது. எனக்கு 3.45. சாவி போடும் முன் ஒவ்வொரு நிப்பிளின் அடியிலும் ரிம் ஓட்டையிலும் ஒரு துளி மெஷின் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊற விட்டேன். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுக்காகிவிடும்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ரிம்முக்கு இரண்டு பக்கமும் ஃப்ரேமில் ஒவ்வொரு டேக் (ஒயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) கட்டி, அதன் வாலை ரிம்மைத் தொடும்படி வெட்டிவிட்டால் அதுதான் கோட்டம் பார்க்கும் ஸ்டாண்ட். வீலின் உச்சியில் இருக்கும் நிப்பிளை மேலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் திருகினால் இறுகும். அதே நிப்பிள் கீழே இருக்கும்போது ஹப் பக்கத்திலிருந்து பார்த்தால் எதிர்த்திசை. குழப்பமாக இருந்தால் எப்போதும் உச்சியில் வைத்தே திருகுங்கள்.

வ11-உம் வ12-உம் சுலபம். ஒரே பக்கத்தில் ஒன்று 27, பக்கத்தில் 21. இறுகியதைக் கால் சுற்றுத் தளர்த்தி, தளர்ந்ததைக் கால் சுற்று இறுக்கினேன். ரிம் அந்த இடத்தில் துளிகூட நகரவில்லை, இரண்டும் 24, 25 என்று வந்து நின்றன. மீட்டர் இல்லாமல் இந்த ஜோடியைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது, ஏனென்றால் அங்கே கோட்டமே இல்லை.

வ7, இ7, இ8 கூட்டணிக்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. மூன்றையும் இறுக்க வேண்டும், ஆனால் ரிம் எந்தப் பக்கமும் போகக் கூடாது. இடது கம்பி சாய்வாக நிற்பதால் ஒரே அளவு திருகினால் அது ரிம்மை அதிகம் நகர்த்தும். அதனால் வலதை அரைச் சுற்று என்றால் இடது ஒவ்வொன்றையும் கால் சுற்று. திருகியதும் மீட்டர், அப்புறம் சுற்றிப் பார்ப்பது, அப்புறம் மறுபடி கால் சுற்று. ஒரேயடியாக ஒரு சுற்று திருகினால் எந்தத் திருகு எதைக் கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

இறுக்கமான கம்பியில் இன்னொரு தந்திரமும் தேவை. நிப்பிளைத் திருகும்போது கம்பியும் கூடவே முறுக்கிக்கொள்ளும். சாவி கால் சுற்று சுற்றியிருக்கும், மரை அதில் பாதிதான் ஏறியிருக்கும். ரோட்டில் இறங்கியதும் கம்பி முறுக்கு அவிழ்ந்து பழையபடி ஆகிவிடும். கம்பியில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பைக் கொடி மாதிரி ஒட்டிவிட்டால் முறுக்கு கண்ணுக்குத் தெரியும். கொடி எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு கூடுதலாகத் திருகி, பிறகு அந்த அளவு பின்னால் விட்டால் கொடி பழைய இடத்துக்கு வரும்.

எல்லாம் முடிந்ததும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒரே பக்கத்தில் இணையாகப் போகும் இரண்டு கம்பிகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்து விட்டேன். வீல் முழுக்க இப்படி. சில இடத்தில் ‘டிக், டிக்’ என்று சத்தம் வரும், மிச்சமிருந்த முறுக்கு அவிழ்கிறது. கழுத்து வளைவும் ஹப் ஓட்டையில் ஒழுங்காகப் படிந்துகொள்ளும். மறுபடி அளந்தால் ஒன்றிரண்டு கம்பி அரைக் கோடு இறங்கியிருக்கும், அதைச் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் அந்த வேலையை ரோடு செய்யும்.

எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். வ14 பக்கத்தில் ஓர் இடம் மட்டும் பிடிவாதம். ரோட்டைத் தோண்டிப் பாதி மூடிவைத்திருந்த ஒரு பள்ளத்தில் மழை நாளில் இறங்கியதன் நினைவுச் சின்னம். அங்கே கம்பிகளைச் சமமாக்கினால் ரிம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே குழிகிறது. குழியை எடுத்தால் வ14 தொய்ந்து 20-க்கு வந்துவிடுகிறது. இப்படி வந்தால் ரிம்மே வளைந்துவிட்டது என்று அர்த்தம், கம்பியைத் திருகிச் சரிப்படுத்துகிற காரியம் அங்கே முடிந்தது. எத்தனை முறை கோட்டம் எடுத்தாலும் திரும்பி வருகிற வீல்களில் பாதி இந்த ரகமாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். நான் 22-இல் நிறுத்திக்கொண்டு, குழியைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டேன். வி-பிரேக் பிடிக்கும்போது அந்த இடம் விரலுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

வீலை எடுத்துக்கொண்டு எனக்குப் பழக்கமான சைக்கிள் கடைக்காரர் ஒருவரிடம் போனேன். பழைய 28 இஞ்ச் கருப்பு சைக்கிள் காலத்திலிருந்து, அதாவது முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி போட்ட வண்டிகளிலிருந்து, வீல் பின்னுகிறவர். மீட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எதுக்கு தம்பி? காது இருக்குல்ல?” என்று சொல்லிவிட்டு, வீலை மடியில் வைத்து விரல் நகத்தால் ஒவ்வொரு கம்பியாக மீட்டினார். நிப்பிளுக்கும் கம்பிகள் கடக்கும் இடத்துக்கும் நடுவில்தான், நான் மீட்டர் வைக்கிற அதே இடம். வ14 வந்ததும் நிறுத்தினார். “இது இறங்கிப் பேசுது.”

“ஆமாண்ணே. ரிம் அடிவாங்கின இடம்.”

“ரிம்மை மாத்து. கம்பியை ஏன் போட்டுப் பாடாப்படுத்துற?”

அவர் காது சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரே நீளம், ஒரே தடிமன் உள்ள கம்பியில் சுருதி இழுப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ச-வுக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள தூரம் அளவுக்குச் சுருதி ஏறினால் இழுப்பு 12, 13 சதவீதம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். 20 சதவீத வித்தியாசம் என்றால் அதைவிடப் பெரிய இடைவெளி, காது உள்ளவருக்குத் தப்பாது. வலதையும் இடதையும் ஒப்பிடக் கூடாது, ஒரு பக்கத்துக்குள் மட்டும் ஒப்பிட வேண்டும். அவரும் அப்படித்தான் செய்தார். எனக்கு அந்தக் காது இல்லை. ஆகவே நான் முதலில் ஒரு பக்கம் முழுக்க மீட்டிப் பார்த்து, சந்தேகப்படும் கம்பியை மட்டும் மீட்டரில் வைக்கிறேன். நேரம் மிச்சம். காது மட்டும் இருந்தால் ‘இது தளர்வு’ என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. மீட்டரில் எழுதி வைத்துக்கொள்ளலாம், அடுத்த தடவை அதே கம்பி இறங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். எனக்கு இதுவே பெரிய லாபம்.

ரிம்மின் உள்பக்கம் ஒட்டிய ஒரு சீட்டில் தேதியும் எண்களும் எழுதிவைத்திருக்கிறேன். ஓட்டிவிட்டுத் திரும்ப அளந்ததில் இ7, இ8 இரண்டும் 18-இலேயே நின்றன, வ7 மட்டும் அரைக் கோடு இறங்கியிருந்தது. அதன் பிறகு மேலூர் ரோட்டில் யானைமலை தாண்டி நல்ல குலுக்கலான பயணங்கள் போயும் கம்பி எதுவும் அறவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும்: பழைய இடது கம்பிகளின் கழுத்தில் ஏற்கெனவே ஏறிய களைப்பைச் சரியான டென்ஷன் போக்கிவிடாது. இனி அறுந்தால் அது பழைய கடன். அதனால் அடுத்து ஒன்று அறுந்தால் அதை மட்டும் மாற்றாமல் இடது பதினாறையும் மாற்றிவிடுவதாக இருக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு ஓட்டும் சைக்கிளையும் கொண்டுவந்து, “மாமா, இதையும் அந்த மிஷின்ல வச்சுப் பாருங்க” என்றது. அதில் கம்பி தடிமன், ரிம் இரும்பு, கியர் கிடையாது. 2 மி.மீ. கம்பிக்கு நான் போட்ட கிராஃப் அதற்கு உதவாது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டியதில்லையே. ஒரு பக்கத்தில் மூன்று கம்பி கையால் அசைத்தாலே ஆடியது. அதற்கு மீட்டரும் வேண்டாம். அவற்றை மற்றக் கம்பிகளின் அளவுக்குக் கொண்டுவந்ததும் மட்கார்டில் டயர் உரசுவது நின்றது.

என் பின் ரிம்முக்கு இப்போது மாற்று தேடிக்கொண்டிருக்கிறேன். 32 ஓட்டை, வி-பிரேக் பிடிக்கிற பக்கச் சுவர் உள்ள ரிம் வேண்டும். டிஸ்க் பிரேக்குக்கான ரிம்கள்தான் இப்போது அதிகம் வருகின்றன, பார்க்காமல் வாங்கினால் கட்டை பிடிக்க இடமிருக்காது. ரிம்முக்குள் நிப்பிள் உட்காரும் இடத்திலிருந்து எதிர் நிப்பிள் இடம் வரையிலான விட்டத்தைப் பழையதில் அளந்து வைத்திருக்கிறேன். ஓரிரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால் வலது பக்கக் கம்பிகளை அப்படியே டேப் போட்டு ஒட்டிப் புது ரிம்முக்கு மாற்றிக்கொள்ளலாம், நீளம் மாறாது. ஒத்துப்போகாவிட்டால் முப்பத்திரண்டும் புதுக் கம்பிதான். அப்போது நிப்பிளும் பித்தளையிலேயே வாங்க வேண்டும்.